அண்ணியின் கோடு

எங்கள் அண்ணன் அரங்கநாதன் என்ன படித்தான் என்று திண்டிவனத்தில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பெற்ற தாய்க்கே தெரியாது. கேட்கிற ஆளுக்குத் தகுந்தாற்போல் அம்மா ஏதாவது சொல்லிவைப்பாள். தெருவில் கேட்டால் இன்ஜினீயர் என்பாள். கல்யாண வீட்டில் கேட்டால் டாக்டர் மாதிரி என்பாள். இரண்டும் சேர்ந்தாற்போல் ஒரு படிப்பு உண்டா என்று சித்தப்பா ஒருமுறை மடக்கினார். டாக்டர் கையிலிருக்கும் மெஷினுக்குச் சீக்கு வந்தால் இவன்தான் மருந்து கொடுப்பான் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது அவ்வளவு தப்பில்லை.

அவன் சேர்ந்தது சென்னையில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில், கரண்ட்டு சம்பந்தப்பட்ட படிப்பு. மனசு இருந்தது வேறு படிப்பில். மனுஷ உடம்பைப் பார்க்கும் மெஷின்களைப் பற்றி மட்டும் படிக்கிற படிப்பு வெளிநாட்டில் தொடங்கியிருக்கிறது என்று எதிலோ வாசித்திருந்தான். அதற்கு நம் பக்கத்தில் அப்போது பேர்கூடக் கிடையாது.

அந்த ஆசை வந்த கதை எனக்குத் தெரியும். அவன் ஹைஸ்கூலில் படித்தபோது, ஐம்பத்தெட்டில் என்று நினைக்கிறேன், பெருமுக்கல் மலைக்குப் போன இடத்தில் பாறையில் வழுக்கி இடது கையை ஒடித்துக்கொண்டான். அப்பா வண்டியில் போட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே எக்ஸ்ரே மெஷின் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பழுது பார்க்கிற ஆள் சென்னையிலிருந்து வரவேண்டும், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். அண்ணன் வலியோடு வலியாக, டாக்டரே சரிபண்ணக் கூடாதா என்று கேட்டானாம். கட்டுப் போட்ட கம்பவுண்டர் சிரித்தாராம். டாக்டருக்கு மெஷின் தெரியாது, மெக்கானிக்குக்கு மனுஷனைத் தெரியாது, நடுவில் ஆள் கிடையாது தம்பி என்றாராம்.

கை கூடிவிட்டது. முழங்கைக்குக் கீழே சின்னக் கோணல் மட்டும் நின்றுவிட்டது. அந்த நடு ஆளாகப் போகவேண்டும் என்று அவன் முடிவு செய்ததும் அந்தக் கட்டோடு கிடந்தபோதேதான்.

காலேஜில் அவனோடு படித்தவர்கள் அணைக்கட்டு, மின்சார நிலையம் என்று பெரிய பெரிய காரியங்களைப் பேசுவார்களாம். இவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், இருதய வார்டில் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நிற்பான். காலேஜ் பிள்ளைகள் அவனுக்குக் கம்பவுண்டர் என்று பேர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒயர்மேன் என்று கூப்பிட்டார்கள். லீவில் வந்தபோது இதை அப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னான். சொல்லிவிட்டு அவன் மட்டும் சிரித்தான். அப்பா மாட்டுக்குத் தீவனம் போட எழுந்து போய்விட்டார். அவனோடு அவன் படிப்பைப் பற்றிப் பேச வீட்டிலும் ஆளில்லை, பட்டணத்திலும் ஆளில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

படிப்பு பாதியில் இருக்கும்போதே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். பட்டணத்தில் இருக்கிற பையன், கைமீறிப் போவதற்குள் என்று அம்மாவுக்குப் பயம். பெண் விழுப்புரம். பேர் பாஞ்சாலி. அப்பா முருகையன் விழுப்புரம் ஷெட்டில் ரயில் இன்ஜின் பிட்டர். தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்.

கல்யாணம் ஆன கையோடு அண்ணன் காலேஜுக்குப் போய்விட்டான். அண்ணி எங்களோடு தங்கிவிட்டாள். வந்த புதிதில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. ரயில் சத்தம் இல்லாமல் படுத்துப் பழக்கமில்லை என்று நாத்தனாரான என்னிடம் மட்டும் சொன்னாள். "ரயில் போனா, எங்கியோ யாரோ போய்க்கினு இருக்காங்கன்னு தோணும். இங்க எல்லாமே நின்னுக்கினு இருக்கிற மாரி இருக்குது" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அபூர்வம்.

கிணறு எங்கள் தெருக்கோடியில். அண்ணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால், வழியில் ஒரு வீட்டு வாசலில் ஒருதரம் இறக்கிவைப்பாள். பிறகு வேப்பமரத்தடியில் ஒருதரம். வீட்டுப் படியில் கை ஊன்றி நின்று மூச்சு வாங்குவாள். அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள். "விழுப்புரம் பாசஞ்சர் எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வரும்." தெருப் பெண்கள் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள், மூச்சு வந்த பிறகு.

அவள் சோம்பேறி என்பது எங்கள் வீட்டில் முடிவாகிவிட்ட விஷயம். பேச்சு ரொம்ப முற்றினால் நான் போய்க் குடத்தை வாங்கிக்கொள்வேன். எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் கோடை லீவுக்கு அண்ணன் வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் ஒரு மரப்பெட்டியும் கூடவே வந்தது. இருதயம் துடிப்பதைக் கோடாக வரைந்து காட்டும் மெஷின். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ரேடியோவின் வால்வுகளை வைத்து அவனே செய்தது. பக்கத்தில் சாவி கொடுத்தால் மெதுவாகச் சுற்றும் உருளை ஒன்று. அதில் தாளைச் சுற்றி, சிம்னி விளக்கின் புகையில் காட்டிக் கரி படிய வைக்கவேண்டும். ஊசி அந்தக் கரியைக் கீறிக்கொண்டே போகும். கறுப்பில் வெள்ளைக் கோடு விழும்.

கடைசி வருஷத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்து காட்டவேண்டுமாம். மோட்டார் கட்டு, டிரான்ஸ்பார்மர் கட்டு என்று சொன்ன பேராசிரியர், இவன் பிடிவாதத்தைப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டிருந்தார். லீவு முடிந்து வரும்போது மூன்று வேறு வேறு ஆட்களின் இருதயக் கோட்டைத் தப்பில்லாமல் எடுத்துவந்து காட்டவேண்டும். இல்லையென்றால் இதை மூட்டைகட்டிவிட்டு, இன்னொரு வருஷம் இருந்து மோட்டார்தான் கட்டவேண்டும். மோட்டாரைப் பற்றி அண்ணனுக்குக் கவலை இல்லை. ஒருமுறை மூட்டை கட்டினால் அந்த நடு ஆளுக்கான வேலையை இனி யாரும் தன்னை நம்பிக் கொடுக்கமாட்டார்கள் என்பதுதான் அவன் கவலை.

வீட்டில் பிளக் போட ஒரே இடம் கூடத்தில்தான் இருந்தது. அங்கேயே மெஷினை வைத்தான். பக்கத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உடைக்கிற மில். மில் ஓடினால் அதன் மோட்டார் இங்கே ஊசியை உதறவைக்கும். அதனால் உச்சிவேளையில் மில்லை நிறுத்திவிட்டு அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம்தான் அண்ணனுக்கு வாய்த்தது. மில் நின்றதும் தெருவே சட்டென்று அடங்கும். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முதலில் அப்பா. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு மணிக்கட்டிலும் இடது கணுக்காலிலும் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, அதன்மேல் தகட்டை வைத்து நாடாவால் கட்டினான். கோடு அழகாக வந்தது. வரப்பு வெட்டினாற்போல் ஒரே அளவில் ஏற்றமும் இறக்கமும். அடுத்து நான். எனக்கும் அப்படியே.

மூன்றாவது அண்ணி. அங்கேதான் சிக்கல். கட்டிய பெண்டாட்டியின் கையைப் பகலில், அப்பாவும் அம்மாவும் இருக்கிற கூடத்தில் தொடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அண்ணன் பட்டணத்தில் படித்தாலும் அதை மீறுகிற ஆளில்லை. ஆகவே தகடு கட்டுகிற வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தை அஞ்சாவதோடு நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தவள் நான்தானே. அவன் மெஷினைப் பார்த்தபடியே, இடது கையை இறுக்கு, வலது கைத் துணியை நனை என்று சொல்வான். யார் கை என்று சொல்லமாட்டான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள்.

ஊசி கீறியது. கொஞ்சதூரம் சரியாக வந்தது. பிறகு இரண்டு துடிப்பு அவசரமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அப்புறம் ஒன்றுமில்லாத ஒரு வெற்றிடம். மறுபடி சரி. மறுபடி தடுமாற்றம். அண்ணன் தாளை உருவிப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஒயர் விடுகிறது என்றான்.

மறுநாளும் அப்படியே வந்தது. ஒயரை மாற்றினான். வால்வை மாற்றினான். உருளையின் சுருள்வில்லைக் கழற்றி எண்ணெய் போட்டான். என்னைப் படுக்கவைத்தால் சரியாக இருக்கும். அண்ணியைப் படுக்கவைத்தால் இடறும். அப்பாவுக்கு அலுத்துவிட்டது. அவர் கோடும் என் கோடும் நன்றாக இருக்கின்றன, மூன்றாவதற்குச் சித்தப்பாவைப் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு போ என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆளிடம் தப்புக் காட்டுகிற மெஷினை எந்த நோயாளியிடம் நம்பிக் கொண்டுபோவது என்றான்.

பிறகு அவன் புத்தி அண்ணி போட்டிருந்த நகைகள் மேல் போயிற்று. அப்பா ஆம்பளை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, கழுத்தில் கருகமணி, கையில் ரப்பர் வளையல். அண்ணிக்குத்தான் கை நிறையக் கண்ணாடி வளையல், காலில் வெள்ளி மெட்டி, கழுத்தில் தாலிச்சரடு. வளையல் அசைந்து தகட்டை ஆட்டுகிறது என்று கழற்றச் சொன்னான். மூளிக் கையோடு உட்காரவைக்காதே என்று அம்மா முணுமுணுத்தாள், ஆனாலும் விட்டுவிட்டாள். கோடு மாறவில்லை. மெட்டி ஒயரில் படுகிறது என்றான். மெட்டியும் போயிற்று. மாறவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, தாலியையும் எடுத்துவிட்டுப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னான்.

நான் கேட்கவேண்டியே இருக்கவில்லை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"நீ உசுரோட குந்திக்கினு இருக்கும்போதே ஒம் பொண்டாட்டி கழுத்து வெறுங்கழுத்தா இருக்கணுமா? அதான் ஒன் படிப்பா?"

தங்கம் ஒயரில் பட்டால் அப்படியெல்லாம் கோடு இடறாது என்று அவனுக்கே தெரிந்திருக்கும். வேறு வழி தெரியாததால்தான் கேட்டான். அன்றைக்கு வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அம்மாவே ஒரு நூல் கயிற்றில் மஞ்சள் தடவி, விரலி மஞ்சள் ஒன்றை முடிந்து, அண்ணி கழுத்தில் கட்டினாள். அதற்குப் பிறகே தங்கத் தாலியைக் கழற்றிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். உச்சிவேளைக்கு மில் நின்றது. நான் தகடு கட்டினேன். ஊசி கீறியது.

இரண்டு துடிப்பு இடித்துக்கொண்டு வந்தன. அப்புறம் வெற்றிடம்.

அண்ணன் பெட்டியின் மூடியைச் சாத்தினான். பழுதைத் தேட இனி எந்த இடமும் பாக்கியில்லை. அவன் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், ஆஸ்பத்திரிச் சுவரோரம் இப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியது.

இதற்குள் தெருவில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. மில்லில் வேலை செய்கிற பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டிக்குக் கரண்ட்டு வைக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். கரண்ட்டு வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். புத்தி பேதலித்தவர்களுக்குப் பட்டணத்தில் செய்கிற வைத்தியம். மல்லாட்டை மூட்டையோடு அந்தப் பேச்சும் ரயிலேறி விழுப்புரம் போய்ச் சேர்ந்தது.

முருகையன் மாமா ஷெட்டிலிருந்து அப்படியே வந்துவிட்டார். காக்கிச் சட்டையில் கிரீஸ் கறை. அப்பா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார்.

"எம்பொண்ணுக்கு புத்தி சரியில்லன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க மாப்ள. நானே வந்து கூட்டிக்கினு போயிருப்பேன். கரண்ட்டு வெக்கணுங்களா?"

அண்ணன் பதறிப்போய் மெஷினையும் கரித்தாளையும் எடுத்துக் காட்டி விளக்கினான். இதிலிருந்து உடம்புக்கு எதுவும் போவதில்லை, உடம்பிலிருந்துதான் இதற்கு வருகிறது என்றான். மாமா இன்ஜின் வேலை தெரிந்தவர், கொஞ்சம் அடங்கினார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, புத்திக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை சம்பந்தி, உடம்புதான் வளையாது, ஒரு குடம் தண்ணி கொண்டுவர ஒருநாள் ஆகும் என்றாள். அதைக் கேட்டதும் மாமாவின் முகம் சுருங்கியது. மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"ஒடம்பு வளையாதவ இல்லிங்கம்மா. சின்ன வயசுல ரொம்ப நாளு படுத்துக்கினு இருந்தா. காச்சலு. இன்னிக்கி இந்த முட்டி வீங்கும், நாளைக்கி அந்த முட்டி. அப்புறம் தானா சரியாப்பூடுச்சி. அதுலேருந்து ஓடியாட மாட்டா, அவ்ளோதான்."

அம்மா ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. அந்த இருதய வார்டில் சுவரோரம் நிற்கும்போது, படுத்திருக்கிற ஒவ்வொரு இளம்பெண்ணிடமும் டாக்டர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதானாம். சின்ன வயதில் காய்ச்சல் வந்து முட்டி வீங்கியதா? அது பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் கண்டது, அவன் எழுந்து கூடத்தின் குறுக்கே நடந்து வந்ததை மட்டும்தான்.

அண்ணி தூணோரம் நின்றிருந்தாள். அவன் அவளை உட்காரச் சொல்லித் தானும் எதிரே உட்கார்ந்தான். எல்லோரும் பார்க்க அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா சட்டென்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மாமா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மெஷினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவன் விரல்தான் இருந்தது. அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

மில் நின்றது. என்னிடம் தகட்டைக் கட்டி உருளைக்குச் சாவி கொடுக்கச் சொன்னான். கட்டினேன். அவன் கையை விடவில்லை. ஒரு கை அவள் மணிக்கட்டில், இன்னொரு கை தரையில். மணிக்கட்டில் துடிக்கத் துடிக்கத் தரையில் விரலால் தட்டினான். ஊசியும் அவன் விரலும் ஒன்றாகவே போயின. இடிக்க வேண்டிய இடத்தில் இரண்டும் இடித்தன. நிற்க வேண்டிய இடத்தில் இரண்டும் நின்றன.

"மெஷின் சரியாத்தான் இருக்குது" என்றான்.

எங்களில் யாருக்கும் அது கெட்ட செய்தி என்று புரியவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பையன் பாஸாகிவிட்டான் என்று அவளுக்கு எண்ணம். சம்பந்தி வந்திருக்கிறார் என்று சேமியா எடுத்துப் பாயசம் வைக்கப் போனாள். அண்ணன் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணியின் மணிக்கட்டில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் புகைத்தாளின் கரி ஒட்டியிருந்தது. வளையலை இன்னும் திரும்பப் போடாத கையில் அது தெளிவாகத் தெரிந்தது. பாயசம் பரிமாறும்போதும் அப்படியேதான் இருந்தது. பொழுதுசாயும்வரை அவள் அதைக் கழுவவில்லை.

புதுச்சேரியில் ஒரு டாக்டர் பார்த்தார். பிறகு சென்னையில் பார்த்தார்கள். அந்தக் காய்ச்சலில் இருதயத்துக்குள் இருக்கும் கதவு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது என்றார்கள். அந்தக் கதவுக்கும் வால்வு என்றுதான் பேராம். அண்ணன் லீவு முழுக்க மெஷினில் வால்வை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

காலேஜ் திறந்ததும் மூன்று கோட்டையும் வார்னிஷில் தோய்த்து உலர்த்தி எடுத்துப்போனான். அப்பாவுடையது, என்னுடையது, அண்ணியுடையது. வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரர் மூன்றாவது தாளைத் தூக்கி, இந்த இடத்தில் உங்கள் மெஷின் தப்பு செய்திருக்கிறதே என்றாராம். "மெஷின் இல்ல சார், அது என் மனைவி" என்று பதில் சொன்னானாம். அண்ணன் பாஸ் செய்துவிட்டான்.

அடுத்த வருஷம் அண்ணிக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். பாரம் தூக்கக்கூடாது, பிள்ளை பெறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதலாவதை அம்மா தாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் பாசஞ்சர் வண்டி என்று சொன்னதில்லை, தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கினாள். இரண்டாவதை அவளால் தாங்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாழ்ந்த குரலில் வேறு பெண்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீடு சின்னது. தாழ்ந்த குரலும் காதில் விழும். அண்ணி எதுவும் கேட்காதவள் போல மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் முருகையன் மாமா வந்தபோது, கொஞ்சநாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் அத்தை என்று சொல்லிக் கிளம்பினாள். தங்கத் தாலி பத்திரமாகக் கழுத்தில் இருந்தது. மஞ்சள் கயிற்றையும் அவிழ்க்காமல் கூடவே போட்டிருந்தாள்.

அந்தக் கொஞ்சநாள் முடியவில்லை. அண்ணன் வேறு பெண் என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. அதற்காக அம்மா அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலைதான் அவனுக்குக் கிடைத்தது. எந்த ஊரில் மெஷின் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவான். தங்குவது லாட்ஜில், இல்லையென்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில். அண்ணியைக் கூட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். நீங்க மெஷினப் பாக்கப் போயிட்டா நான் எந்த ஊருன்னு தெரியாம குந்திக்கினு இருக்கணும், இங்கன்னா விழுப்புரம்னாவது தெரியும் என்றாளாம்.

ஆனால் தெற்கே போனாலும் வடக்கே வந்தாலும் அவன் விழுப்புரத்தில் இறங்காமல் போகமாட்டான். போன வருஷம், அறுபத்தொன்பதில், எனக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்ல நான் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு அவனும் வந்துசேர்ந்தான். பையை மூலையில் வைத்தான். முகம் கழுவினான். அண்ணி ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சௌக்கியமா என்றுகூட இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பையில் அவனிடம் நல்ல புது மெஷின் இருந்தது. அதை எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினான்.

ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அந்த வீடு தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கம், வண்டி வந்தால் சுவரும் தரையும் பாத்திரங்களும் சேர்ந்து அதிரும். நாடி எது, அதிர்வு எது என்று விரலுக்குத் தெரியாது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வண்டி போகும்வரை கையை விடாமல் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். கொஞ்சநேரத்தில் பாசஞ்சர் வந்தது. மறுபடி விட்டுப்போயிற்று. மறுபடி தொடங்கினான்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாக ரயில்பாதைக் கைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வண்டிக்கு எப்போது இறங்கும் என்று.